முகக்கவசம்: வாங்குவதிலிருந்து வீசுவது வரை, வரிசையாக

சமூக மன்றங்களிலும் தாதிமை இல்லங்களிலும் புதிதாகச் சேரும் தொண்டூழியர்களுக்கு முகக்கவசம் அணியக் கற்றுக்கொடுத்து வருகிறேன். 2020 ஏப்ரல் 14 முதல் சிங்கப்பூரில் வீட்டை விட்டு வெளியே வந்தாலே முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் "இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்ற எண்ணத்தோடுதான் வந்து உட்காருவார்கள். கண்ணாடி முன் நிற்கச் சொன்னால் மூக்குக்கு இருபுறமும் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். கழற்றச் சொன்னால் முன்பக்கத்தைக் கையால் பற்றி இழுப்பார்கள்.

தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது: ஓரத்தில் விட்டுவிடும் இடைவெளி, கழற்றும் நேரம். கவசத்தின் தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். ஓரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் 5, 8 ஆகிய பகுதிகளை நீட்டி எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் அவற்றையாவது படித்துவிடுங்கள்.

முகக்கவசம் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி, காற்றோட்டம், உடம்பு சரியில்லாதபோது வீட்டிலேயே இருப்பது ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் அதற்கு முழுப் பலன் உண்டு.

1. முதலில் இடத்தைப் பாருங்கள், பிறகு கவசத்தைத் தேர்ந்தெடுங்கள்

எந்தக் கவசம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எங்கே போகிறீர்கள், யாரோடு இருக்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் நீர்த்துளிகள் வெளியேறுகின்றன. பெரிய துளிகள் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். மிக நுண்ணிய துளிகள் மூடிய அறையில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். உரக்கப் பேசினாலும் பாடினாலும் இவை கூடும். ஆகவே திறந்தவெளியில் பத்து நிமிடம் நிற்பதும், சன்னல் மூடிய அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதும் ஒன்றல்ல.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. துணிக் கவசம், அணிந்தவரின் எச்சில் துளி வெளியே போகாமல் ஓரளவு தடுக்கும். பிறருடைய நுண்துளிகளைத் தடுப்பதில் பலவீனமானது. மருத்துவமனைகளில் பார்க்கும் நீலநிற அறுவை சிகிச்சை முகக்கவசத்தில் மூன்று அடுக்குகள் உண்டு: நீரை ஒட்டவிடாத வெளியடுக்கு, வடிகட்டும் நடு அடுக்கு, ஈரத்தை உறிஞ்சும் உள்ளடுக்கு. மூன்றாவது, முகத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்ட என்95 வகை. அமெரிக்கத் தரத்தில் என்95, ஐரோப்பியத் தரத்தில் எஃப்எஃப்பி2, சீனத் தரத்தில் கேஎன்95, கொரியத் தரத்தில் கேஎஃப்94 எனப் பெயர்கள் மாறும்.

காலை நேர எம்ஆர்டி ரயில், மின்தூக்கி, பலதுறை மருந்தகத்தின் காத்திருப்புக் கூடம் போன்ற இடங்களுக்கு, நன்றாகப் பொருந்திய அறுவை சிகிச்சைக் கவசம் பெரும்பாலோருக்குப் போதும். நோயாளி இருக்கும் அறைக்குள் போகிறீர்களா, அல்லது நீங்களே புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, முதுமை என்று எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கிறீர்களா? அப்படியானால் என்95 வகையை எடுங்கள். சிங்கப்பூரில் 2023 பிப்ரவரி 13 அன்று பொதுப் போக்குவரத்தில் கட்டாயம் நீக்கப்பட்டபோதும், மருத்துவமனை, தாதிமை இல்லம் போன்ற இடங்களில் நோயாளிகளோடு பழகும் பகுதிகளில் அது நீடித்தது. போகும் இடத்தின் வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

"கிருமி அவ்வளவு சிறியது, துணியின் துளை அதைவிடப் பெரியது, பிறகு எப்படித் தடுக்கும்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நடு அடுக்கு சல்லடைபோல் வேலை செய்வதில்லை. கொஞ்சம் பெரிய துகள்கள் வளைந்து போக முடியாமல் இழைகளில் மோதி நிற்கும். மிகச் சிறிய துகள்கள் காற்றில் தாறுமாறாக அலைந்து ஏதாவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்சாரமும் அவற்றை இழுத்துப் பிடிக்கும். பிடிபடக் கடினமானவை இடைப்பட்ட அளவில், ஏறத்தாழ 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருப்பவை. அந்த அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்தால்தான் என்95 என்ற பெயர் கிடைக்கும். நிலைமின்சாரம் என்பதை நினைவில் வையுங்கள். ஏன் துவைக்கக்கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக் கவசப் பெட்டியில் இஎன் 14683 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2100 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "மூன்று அடுக்கு" என்று மட்டும் போட்டிருந்தால் அது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. மூன்று அடுக்கும் சாதாரணத் துணியாகவே இருக்கலாம்.

வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்து, துளி உருண்டு நின்றால் நல்ல கவசம் என்று ஒரு சோதனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது வெளியடுக்கைப் பற்றி மட்டுமே சொல்லும். வடிகட்டும் நடு அடுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒன்றை ஓரமாகக் கத்தரித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, மற்ற இரண்டையும்விட அடர்த்தியாக ஓர் அடுக்கு தனியாகப் பிரிந்து வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பெட்டியை நோயாளி அறைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

என்95 வாங்கும்போது பட்டையைப் பாருங்கள். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற என்95 கவசத்தில் தலையைச் சுற்றிப் போகும் இரண்டு பட்டைகள் இருக்கும். காதில் மாட்டும் வளையம் இருந்து, அதில் என்95 என்றும் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். காது வளையம் கேஎன்95, கேஎஃப்94 வகைகளில் இயல்பானது.

வால்வு வைத்த என்95 வேண்டாம். வால்வு, நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பிவிடும். புகைமூட்டக் காலத்திலோ கட்டுமானத் தளத்திலோ தூசியிலிருந்து உங்களைக் காக்க அது போதும். தொற்றுக் காலத்தில் உங்கள் கிருமி பிறருக்குப் போகாமல் காக்க அது உதவாது. புகைமூட்டத்துக்கு வாங்கி அலமாரியில் வைத்திருப்பதை எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

அளவும் முக்கியம். ஒல்லியான முகம் உள்ள பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் பெரியவர் அளவு தொளதொளக்கும். சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றிரண்டை வாங்கி அணிந்து பார்ப்பது நல்லது. பெட்டி விலை மலிவு என்று பொருந்தாத ஐம்பதை வாங்கி வைப்பதில் பயனில்லை.

3. வாசலருகே வைத்திருக்க வேண்டியவை

புதிய கவசம், கைத்தூய்மி, சிறிய கண்ணாடி, மூடியுள்ள குப்பைத்தொட்டி: இவை ஒரே இடத்தில், செருப்பு மாட்டும் இடத்தருகே இருக்கட்டும். கண்ணாடி படுக்கையறையில் இருந்தால் யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். பையில் மாற்றுக் கவசம் இரண்டும், அவற்றைப் போட்டுவைக்கக் காகித உறைகளும் வையுங்கள்.

அணிவதற்கு முன் முகத்தையும் தயார் செய்ய வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்கு, கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் என்95 இறுகாது. மழித்த மறுநாள் முளைக்கும் முள்முடிகூடக் காற்றை விட்டுவிடும். மீசை, கவசத்துக்குள் அடங்கினால் தொந்தரவில்லை. கோயில் விரதத்துக்காகத் தாடி வளர்க்கும் அண்ணன்மார்களிடம் மழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நாள்களில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்றுதான் சொல்வேன்.

மூக்குத்தியைக் கவனியுங்கள். ஒரு வகுப்பில் ஒரு பாட்டி கவசத்தைத் திரும்பத் திரும்ப மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தார். மூச்சு முட்டுகிறதோ என்று எல்லாரும் நினைத்தோம். அருகில் போய்ப் பார்த்தால், கவசத்தின் ஓரம் எட்டுக்கல் மூக்குத்தியின் மேல் ஏறி உட்கார்ந்து, கல்லின் அடிப்பகுதி தோலில் அழுந்திச் சிவந்திருந்தது. தட்டையான சிறு மூக்குத்திக்கு மாறச் சொன்னோம். அதன்பின் கவசம் இறங்கவே இல்லை. யாராவது கவசத்தை இறக்கிக்கொண்டே இருந்தால், திட்டுவதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

காது கேட்கும் கருவி அணிபவர்களுக்குக் காது வளையம் ஒத்துவராது. கழற்றும்போது கருவியும் சேர்ந்து தெறித்து விழும். தலைக்குப் பின்னால் கட்டும் நாடா உள்ள கவசமோ, இரண்டு வளையங்களையும் பின்னந்தலையில் இணைக்கும் கொக்கியோ அவர்களுக்கு ஏற்றது.

4. அணியும் வரிசை

இது அறுவை சிகிச்சைக் கவசத்துக்கு. வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் கை கழுவுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி. வெளியில் இருந்தால் கைத்தூய்மி போதும். அது காய்ந்த பிறகே கவசத்தைத் தொடுங்கள். கையில் இருக்கும் கிருமி கவசத்தின் உட்பக்கத்துக்குப் போனால், அடுத்த சில மணி நேரம் அதன்மேல்தான் மூச்சு விடப்போகிறீர்கள். வெளியே கிளம்பும் அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

கவசத்தை வளையத்தைப் பிடித்து எடுங்கள். கிழிசல், ஓட்டை, அறுந்த வளையம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உலோகக் கம்பி இருக்கும் ஓரம் மேலே. நிறமுள்ள பக்கம் வெளியே. இரு பக்கமும் வெள்ளையாக இருந்தால் மடிப்புகளைப் பாருங்கள்: வெளிப்பக்கத்தில் மடிப்புகள் கீழ்நோக்கி இருக்கவேண்டும். "நோயாளி நிறத்தை உள்ளே வைக்கவேண்டும், மற்றவர் வெளியே வைக்கவேண்டும்" என்று ஒரு செய்தி பரவியது. அது தவறு. யார் அணிந்தாலும் நீர் ஒட்டாத அடுக்கு வெளியேதான் இருக்கவேண்டும். திருப்பி அணிந்தால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிக் கவசம் சீக்கிரம் நனைந்துவிடும்.

வளையங்களைக் காதில் மாட்டிய பிறகு, இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மூக்குத்தண்டின் நடுவில் வைத்து, கம்பியை இருபுறமும் கன்னம்வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரே கையால் கிள்ளாதீர்கள். கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, இரண்டு பக்கமும் கூடாரம்போல் எழும்பிவிடும். மூக்கோர இடைவெளிக்கு முதல் காரணம் இந்தக் கிள்ளல்தான்.

அதன்பின் கீழ்விளிம்பை இழுத்து மடிப்புகளை விரித்து, தாடைக்கு அடியில் கொண்டுபோங்கள். தாடையின் முன்பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கவசம் மேலேறி, மூக்கு வெளியே வந்துவிடும்.

மூக்குக் கண்ணாடி கடைசியில். கண்ணாடியின் பாலம் கவசத்தின் மேல் உட்காரட்டும். அதன் எடையும் ஓரத்தை அழுத்த உதவும்.

5. ஓரத்தைச் சோதியுங்கள்

காற்று எப்போதும் எளிதான வழியைத் தேடும். நடு அடுக்கு வழியே போவதைவிட, திறந்த ஓரம் வழியே போவது அதற்கு எளிது. அதனால் கவசம் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும், ஓரம் திறந்திருந்தால் வடிகட்டப்படாத காற்றைத்தான் நீங்கள் இழுக்கிறீர்கள்.

உள்ளங்கைகளைக் குவித்து, கவசத்தைத் தொடாமல் அதன் விளிம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பலமாக மூச்சு விடுங்கள். எங்கே காற்றுப் படுகிறது? கண்ணுக்கு அடியிலா, கன்னத்திலா, தாடைக்குக் கீழேயா? பிறகு மூச்சை வேகமாக உள்ளே இழுங்கள். கவசத்தின் நடுப்பகுதி முகத்தை நோக்கிச் சற்று உள்வாங்கினால் காற்று அதன் வழியே போகிறது என்று பொருள். அசையாமல் இருந்தால் காற்று ஓரங்கள் வழியாகப் போகிறது.

மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது ஓர் இலவச எச்சரிக்கை. ஆவியைத் துடைக்கத் திரவம் வாங்குவதை விட்டு, மூக்குக் கம்பியை மறுபடி அழுத்துங்கள். ஆவி படியும் வழியாகத்தான் உங்கள் மூச்சு வெளியேறுகிறது. அதே வழியாகப் பிறருடைய மூச்சும் உள்ளே வரும்.

கன்னத்தோரம் விரிந்து நின்றால் முடிச்சுப் போட்டுச் சரிசெய்யலாம். கவசத்தை அணிவதற்கு முன் மேலும் கீழும் சேரும்படி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். ஒவ்வொரு வளையத்திலும், அது கவசத்தோடு சேரும் இடத்துக்கு மிக அருகில் ஒரு முடிச்சுப் போடுங்கள். விரித்தால் இரு பக்கமும் சிறிய வாய்போலத் திறந்திருக்கும். அந்த உபரித் துணியை உட்பக்கமாகத் தட்டையாக மடித்துவிட்டு அணியுங்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டுத் தடுப்பு நிலையம் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், இந்த முடிச்சு முறையும், அறுவை சிகிச்சைக் கவசத்தின்மேல் துணிக் கவசம் அணியும் முறையும் கசிவை வெகுவாகக் குறைத்தன.

வளையங்களை எட்டு வடிவில் முறுக்கிக் காதில் மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள். இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கன்னத்தின் இருபுறமும் பெரிய ஓட்டை விழும். அதை விட்டுவிடுங்கள்.

இரட்டைக் கவசம் என்றால் உள்ளே அறுவை சிகிச்சைக் கவசம், வெளியே அதை அழுத்திப் பிடிக்கும் துணிக் கவசம். இரண்டு அறுவை சிகிச்சைக் கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதில் பயனில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் விரிந்து நிற்கும். என்95 கவசத்துக்கு உள்ளே வேறு எதையும் அணியவே கூடாது. அதன் இறுக்கம் கெட்டுவிடும்.

முகத்தின் முன் தொங்கும் நெகிழித் தடுப்பைக் கவசத்துக்கு மாற்றாக நினைக்காதீர்கள். கண்ணில் துளி தெறிக்காமல் அது காக்கும். கீழும் பக்கமும் திறந்திருப்பதால் மிதக்கும் துளிகள் தாராளமாக உள்ளே வரும்.

6. என்95 அணிவதற்குத் தனி வரிசை

கவசத்தை உள்ளங்கையில் கிண்ணம்போல் ஏந்தி, பட்டைகள் புறங்கையின்மேல் தொங்கும்படி பிடியுங்கள். தாடையை முதலில் உள்ளே வையுங்கள். மேல் பட்டையை இழுத்து உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் விடுங்கள். கீழ்ப் பட்டையைக் காதுக்குக் கீழாகக் கொண்டுபோய்ப் பிடரியில் விடுங்கள். இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கக்கூடாது. தலைமுடிக் கொண்டையின்மேல் மேல் பட்டையை நிறுத்தினால் நழுவும். கொண்டையைத் தாழ்த்திப் போடுங்கள். தலையை மூடும் துணி அணிபவர்கள் பட்டைகளைத் துணிக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

இரு கை விரல்களாலும் மூக்குப் பட்டையை அழுத்திய பிறகு, இரண்டு உள்ளங்கைகளாலும் கவசம் முழுவதையும் மூடி, மூச்சை விட்டும் இழுத்தும் பாருங்கள். கசிந்தால் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று முறை சரிசெய்தும் கசிந்தால் அந்த வடிவம் உங்கள் முகத்துக்கு ஒத்துவராது. வேறு வடிவத்தைப் பாருங்கள். மருத்துவ ஊழியர்களுக்கு இதற்கென்றே பொருத்தச் சோதனை நடத்துவார்கள். வீட்டில் அந்த வசதி இல்லாததால், ஒவ்வொரு முறை அணியும்போதும் இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும்.

7. அணிந்திருக்கும்போது

முன்பக்கத்தைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் உடனே கை சுத்தம் செய்யுங்கள். திரும்பத் திரும்பத் தொடும் கை, எங்கோ பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறது. ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

தொலைபேசியில் பேசும்போது கவசத்தை இறக்குவது வழக்கமாகிவிட்டது. பேசும்போதுதான் துளிகள் அதிகம் வெளியேறுகின்றன. இறக்கவே கூடாத நேரம் அது. குரல் கேட்கவில்லை என்றால் மெதுவாக, சொற்களைப் பிரித்துப் பேசுங்கள். தும்மல் வந்தாலும் கவசத்துக்குள்ளேயே தும்மிவிட்டு, பிறகு ஒதுக்குப்புறமாகப் போய்ப் புதியதை மாற்றுங்கள்.

சிங்கப்பூர் வெயிலில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீடுவரை நடந்தாலே மேலுதடு வியர்த்துக் கவசம் நனைந்துவிடும். நனைந்த கவசத்தில் மூச்சு விடுவது கடினம். மூச்சு முட்டினால் கை தானாகவே ஓரத்தைத் திறக்கும். "எத்தனை மணி நேரம் அணியலாம்?" என்று கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஈரத்தைப் பாருங்கள். ஈரமானால், அழுக்கானால், வளையம் தொய்ந்தால் மாற்றுங்கள். லாரியிலும் கட்டுமானத் தளத்திலும் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கவசம் போதவே போதாது. மேற்பார்வையாளர்கள் இதைக் கணக்கில் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

உணவங்காடி நிலையத்தில் சாப்பிடும்போது கவசத்தைத் தாடைக்கு இறக்காதீர்கள். கழுத்தில் படிந்த வியர்வையும் அழுக்கும் மறுபடி வாய்க்கே வரும். முழங்கையில் மாட்டுவதும், மேசைமேல் வைப்பதும் அப்படித்தான். முழுவதுமாகக் கழற்றிக் காகித உறையில் போடுங்கள். நெகிழிப் பையில் மூடினால் ஈரம் காயாது. கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். கூட்டமான இடமாக இருந்தால் சாப்பிட்டபின் புதியதை அணிவது மேல்.

8. கழற்றுவது

வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் கை நேராக மூக்கின் மேல் போகும். வெளியடுக்கில் நாள் முழுவதும் எது படிந்ததோ அதெல்லாம் விரலுக்கு வரும். அதே விரலால் கண்ணைத் தேய்ப்போம். ஆகவே கழற்றுவதை அணிவதைவிட நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். கை சுத்தம் செய்யுங்கள். இரு காதுக்குப் பின்னாலும் வளையங்களை ஒரே நேரத்தில் பிடித்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, கவசத்தை முகத்திலிருந்து முன்னோக்கி எடுங்கள். குனிந்து எடுத்தால் கவசம் முகத்தில் உரசாமல் விலகி விழும். நாடாவால் கட்டும் வகையில் கீழ் முடிச்சை முதலில் அவிழுங்கள். மேல் முடிச்சை முதலில் அவிழ்த்தால் கவசத்தின் வெளிப்பக்கம் மார்பின்மேல் விழும். என்95 கவசத்திலும் இதே காரணத்துக்காகக் கீழ்ப் பட்டை முதலில், மேல் பட்டை பிறகு. கண்ணை மூடிக்கொள்வது நல்லது, பட்டை தெறிக்கலாம்.

கவசத்தை நேரே தொட்டியில் போட்டுவிட்டு, மறுபடி கை கழுவுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் இரண்டாவது முறையை விட்டுவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்றால் இரண்டாவதைத் தவறவிடாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குப்பையைக் குழாய் வழியே கீழே போடுகிறோம். கவசத்தைச் சிறு பையில் போட்டுக் கட்டிய பிறகே அதில் போடுங்கள்; கீழே குப்பை எடுக்கும் துப்புரவு ஊழியரின் கையில் அது நேரடியாகப் படக்கூடாது. நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போடவே வேண்டாம். அங்கே உள்ளதைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

9. துவைக்கலாமா?

துணிக் கவசத்தை நாள்தோறும் சோப்புப் போட்டுத் துவைத்து, முழுவதும் காயவைத்து அணியுங்கள். மழைக்காலத்தில் மூங்கில் கழியில் ஒரு நாளில் காயாது. ஆகவே ஆளுக்குச் சிலவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக் கவசத்தையும் என்95 வகையையும் துவைக்காதீர்கள், கைத்தூய்மியும் தெளிக்காதீர்கள். முன்னே சொன்ன நிலைமின்சாரம் சோப்பிலும் ஆல்கஹாலிலும் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும்; வடிகட்டும் திறன் குறைந்திருக்கும். ஆவியில் வேகவைப்பது, மைக்ரோவேவில் சுடவைப்பது எதுவும் வீட்டில் செய்யத் தக்கதல்ல. உள்ளே உலோகக் கம்பி இருக்கிறது, தீப்பற்றும்.

10. வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால்

பலர் இங்கே வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டார் எல்லாரும் அணிந்துகொண்டு, நோயாளியை "பாவம், மூச்சு முட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அறையை விட்டு வெளியே வரும்போதும், யாராவது உள்ளே வரும்போதும் முதலில் அணிய வேண்டியவர் நோயாளிதான். கிருமி காற்றில் பரவுவதற்கு முன்பே, புறப்படும் இடத்திலேயே தடுப்பது எளிது. மூச்சுத் திணறலால் அவரால் அணிய முடியவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். மருத்துவ உதவியை நாடுங்கள். திணறல் கடுமையானால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995 எண்ணை அழையுங்கள்.

கொவிட்-19 போன்ற நோயில் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவல் தொடங்கிவிடும். அதனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு உறுதியானது என்று கேட்டவுடனே, வீட்டில் தாத்தா பாட்டி இருக்கும் அறைக்குக் கவசத்தோடு போகத் தொடங்குங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பார்த்துக்கொள்பவர் ஒருவராக இருக்கட்டும், அவர் என்95 அணியட்டும். பெரும்பாலும் இந்த வேலை இல்லப் பணிப்பெண்ணின் தலையில் விழுகிறது. அவருக்கும் அதே தரக் கவசத்தைக் கொடுங்கள், அணியவும் கழற்றவும் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். வீட்டுக்காரருக்கு என்95, அவருக்குத் துணி என்று பிரிப்பது நியாயமும் இல்லை, அறிவும் இல்லை. அவர் சமைத்துத்தான் வீடு சாப்பிடுகிறது.

அணியும் இடம் அறைக்கு வெளியே. கதவைத் திறப்பதற்கு முன்பே ஓரத்தைச் சோதித்து முடித்திருக்கவேண்டும். கழற்றுவதும் வெளியே வந்து, கதவைச் சாத்திய பிறகுதான். வாசலில் பையிட்ட தொட்டியும் கைத்தூய்மியும் இருக்கட்டும்.

காற்றோட்டத்தைச் சரிசெய்யாமல் கவசத்தை மட்டும் நம்பவேண்டாம். வீடுகளில் நாம் வைத்திருக்கும் குளிரூட்டி, அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நோயாளி அறையில் அதை நிறுத்திச் சன்னலைத் திறங்கள். மேசை விசிறியைச் சன்னலருகே வைத்து, அறைக் காற்றை வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். முடிந்தால் கழிவறையோடு சேர்ந்த படுக்கையறையை நோயாளிக்குக் கொடுங்கள். இல்லையென்றால் அவர் வீட்டாருக்குப் பிறகு கழிவறைக்குப் போகட்டும். சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வரட்டும்.

சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் கவனமாக இருந்துவிட்டு, இரவில் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றிக் கவசமின்றி உட்காருவார்கள். நோயாளிக்குத் தட்டு அறைக்கே போகட்டும்.

விடுதியில் தங்கும் ஊழியர்களுக்குத் தனி அறை கிடைக்காது. உடம்பு சரியில்லை என்றால் உடனே விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சொன்ன நிமிடத்திலிருந்து, சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர, கவசத்தைக் கழற்றாதீர்கள். சன்னலோரப் படுக்கைக்கு இடம் மாறக் கேளுங்கள். சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலை மறைத்தால், அதே அறையில் தூங்கும் நண்பர்கள்தான் முதலில் விழுவார்கள்.

11. பிள்ளைகள், முதியோர், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அணிவிக்கவே கூடாது. தானாகக் கழற்ற முடியாத யாருக்கும், எந்த வயதாக இருந்தாலும், அணிவிக்கவேண்டாம். தூங்கும்போதும் வேண்டாம். பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டிப்பைவிட அளவு முக்கியம். சிறுவர் அளவு வாங்கிக் கொடுத்து, கண்ணாடி முன் அவர்களே கம்பியை அழுத்தப் பழக்குங்கள்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக் கவசத்தைத் தாராளமாக அணியலாம். கரியமில வாயு உள்ளே தேங்கி மயக்கம் வரும் என்ற பயம் தேவையில்லை. அதன் மூலக்கூறுகள் கவசத்தைக் கடந்து போய்விடும். நுரையீரல் நோய் முற்றியவர்கள் என்95 அணிவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். ஓட்டப்பயிற்சியின்போது கவசம் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஓடுங்கள்.

12. இருப்பு வைப்பது

கவசத்தை உறையோடு, வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். சமையலறை வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். காரில் வைத்தால் சூட்டில் வளையத்தின் இழுவை போய்விடும். பெட்டியில் இருக்கும் காலாவதித் தேதியை வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் தாங்கும் அளவு அறுவை சிகிச்சைக் கவசமும், ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தேவையான என்95 கவசங்களும் இருந்தால் போதும். அதற்குமேல் வாங்கிக் குவித்தால் கடையில் மற்றவர்களுக்குக் கிடைக்காது. பழைய பெட்டியிலிருந்து எடுக்கும்போது வளையத்தை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். தொய்ந்தோ பொடிந்தோ போனால் தேதி மீதமிருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.